இன்னாசிராஜ் சார் கணித்த ராகு காலம்

இன்னாசிராஜ் சார் திருச்சி பாலக்கரையில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருஷம் புவியியல் நடத்தினார். இமயமலை எப்படி உண்டானது, ஏன் இன்னும் வளர்கிறது, நிலநடுக்கம் அதை உள்ளுக்குள் எப்படி நொறுக்கி வைத்திருக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைவார். பிள்ளைகள் ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோவார்கள். சாரும் நேரில் பார்த்த மலை என்றால் மலைக்கோட்டைதான். அது அசைந்ததாக இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.

ரிடையர் ஆனதும் இமயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஸ்ரீரங்கத்து மணவாளன் நடத்தும் பத்ரிநாத் யாத்திரையில் ஒரு சீட் காலி என்று நான்தான் சொன்னேன். திருவானைக்காவலில் அவருக்கு அடுத்த வீடு நான். "நீங்க சாமியப் பாருங்க, நான் மலையப் பாக்குறேன்" என்று கிளம்பிவிட்டார். அவர் மனைவி லூர்துராணி சட்டைப்பையில் ஜெபமாலையைப் போட்டு அனுப்பினார்.

மணவாளனின் யாத்திரையில் சமையல்காரர் உண்டு, புளியோதரை உண்டு, காலில் தடவத் தைலம்கூட உண்டு. வானிலை அறிக்கை மட்டும் கிடையாது. கேட்டால், "பெருமாள் பாத்துப்பார் சுவாமி" என்பார். பெருமாளிடம் விடமுடியாத ஒரே விஷயம் ராகு காலம். அதை மட்டும் மணவாளன் தன் பொறுப்பில் வைத்திருந்தார்.

ஜூலை மாதம், திங்கட்கிழமை, பத்ரிநாத் போகும் வழியில் ஜோஷிமட். மூன்று நாள் மழை அன்றுதான் விட்டிருந்தது. ஏழரைக்கு ராகு காலம் என்பதால் ஏழேகாலுக்கே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். விடியற்காலையில் நடக்கப் போன இன்னாசிராஜ் சார் முழங்கால் வரை சேறோடு ஓடிவந்தார்.

"வண்டிய எடுக்காதீங்க! ரெண்டாவது வளைவுல ரோடு புதுசா வெடிச்சிருக்கு. ஊத்துத் தண்ணி கலங்கி வருது. மேலேர்ந்து பொடிக்கல் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. கீழ ஆறு அரிச்சிருச்சு, நடுவுல ரோட்ட அகலப்படுத்துறோம்னு மலைய வெட்டிட்டானுங்க. நிக்காதுங்க!"

மணவாளன் சிரித்தார். "ரிடையர் ஆயாச்சு, இன்னும் கிளாஸ் எடுக்கறேளே சார்!"

பஸ்ஸே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சார் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வாட்சைப் பார்த்தார்.

"ராகு காலம் எத்தனை மணிக்குங்க?"

"ஏழரை."

"அது திருச்சிக் கணக்கு. சூரிய உதயத்துலேர்ந்துதானே எண்ணுவீங்க? இங்க அஞ்சு இருபதுக்கே உதயம். பகலும் நீளம். ராகு காலம் ஏழு அஞ்சுக்கே ஆரம்பிச்சாச்சு. எட்டு அம்பது வரைக்கும் இருக்கு."

"ஐயையோ!" என்று ஒரு மாமி அலறினார். அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் கீழே இறங்கியிருந்தோம். மணவாளன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரல்விட்டு எண்ணி, வியர்த்துப்போனார்.

எட்டு இருபதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஆரம்பித்து, நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால் இரண்டாவது வளைவே இல்லை. மரமும் ரோடுமாக ஆற்றில் கிடந்தன. நல்லவேளை, அந்நேரம் அங்கே எந்த வண்டியும் இல்லை.

"ராகு காலத்தோட மகிமையப் பாத்தேளா!" என்று மணவாளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொண்டோம். வெடிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் மணவாளன் நோட்டீஸ் அடித்திருக்கிறார். மறுபடியும் ஜூலை. 'மலையூர் உதயப்படி துல்லிய ராகு காலம். நிலச்சரிவு பயம் அறவே இல்லை.' சார் அதைப் படித்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார்.

"ராகுவுக்கும் மலைக்கும் சம்பந்தமே இல்லைங்க. நீங்க கேக்கமாட்டேன்னீங்க, அதான் அப்படிச் சொன்னேன். மழைக்காலத்துல வேணாம், அக்டோபர்ல போங்க. நாப்பது உயிருங்க!" குரல் உடைந்துவிட்டது.

மணவாளன் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு அடக்கம் பாருங்கோ! பஞ்சாங்கமே கரைச்சுக் குடிச்சிருக்கார், ஒண்ணும் தெரியாதுங்கறார்."

சார் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

சத்தியமாக, அவருக்காகப் பேசத்தான் வாயைத் திறந்தேன்.

"சார், இந்தத் தடவை ஜோஷிமட்லேர்ந்து செவ்வாய்க்கிழமை கிளம்புறோம். அன்னிக்கு அங்க ராகு காலம் எத்தனை மணிக்கு?"

சார் மணவாளன் பக்கம் திரும்பி, "டிரைவருக்குப் பக்கத்து சீட்ட எனக்குப் போடுங்க" என்றார்.