ஆளில்லாம ஓடின சர்வர்

ஒரே வாரத்துல, ஒரே கம்ப்யூட்டர்ல, ஒரே சாப்ட்வேரை நாலு தடவை இன்ஸ்டால் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா?

நான் இருக்கேன்.

கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன். அப்புறம் கோவில்பட்டியிலேருந்து நெய்வேலி க்வார்ட்டர்ஸ், அப்புறம் பாப்பா. ஏழு வருஷம் ஓடிப் போச்சு.

போன மாசம் ஆன்லைன்ல வெப் டெவலப்மென்ட் கோர்ஸ் முடிச்சேன். ஒரு சின்ன கம்பெனியில வீட்லேருந்தே வேலை, டிரெய்னியா எடுக்கறதா அங்க ஒரு மேடம் சொன்னாங்க.

ஒரே ஒரு கண்டிஷன். வியாழக்கிழமை நாலு மணிக்கு வீடியோ கால். உங்க சொந்த கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் செட் பண்ணி, நீங்க செஞ்ச பேஜை ஓட்டிக் காட்டணும்னாங்க.

திங்கக்கிழமை காலையில உக்காந்தேன். நோட்டுல எழுதி வெச்சிருந்த பதினாலு ஸ்டெப்பையும் வரிசையா போட்டேன். கடைசி ஸ்டெப், சர்வர் ஸ்டார்ட். ஒரு கறுப்பு விண்டோ திறந்து ஏதேதோ எழுதிச்சு. பிரௌசர்ல என் பேஜ் வந்துச்சு. சின்னதா ஒரு ஆட்டம்கூட போட்டேன் (சாட்சி யாரும் இல்ல).

மூணரை மணிக்கு பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்து பாத்தா பேஜைக் காணோம். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை'ன்னு வருது.

சரி, இன்ஸ்டால் பண்ணதுல ஏதோ தப்புன்னு நினைச்சு, மொத்தத்தையும் அழிச்சுட்டு, செவ்வாய்க்கிழமை காலையில முதல்லேருந்து பதினாலு ஸ்டெப். வந்துச்சு.

சாயங்காலம் பாத்தா போச்சு.

(டெவலப்பர் நண்பர்கள் இங்க தாராளமா சிரிச்சுக்கலாம். கடைசி ஸ்டெப்பை மட்டும் திரும்பப் போட்டா போதும்னு இப்பத்தான் தெரியும். அப்ப தெரியாது. தினமும் காலையில புதுசா குடித்தனம் வைக்கற மாதிரி வெச்சுட்டு இருந்தேன்.)

புதன்கிழமை மூணாவது தடவை. உண்மையைச் சொல்றேன், அழுகை வந்துடுச்சு. ஏழு வருஷத்துல மூளை துருப்பிடிச்சுப் போச்சு, நமக்கெல்லாம் எதுக்கு இதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். 'மன்னிக்கணும் மேடம், என்னால வர முடியல'ன்னு அந்த கம்பெனிக்கு ஒரு மெசேஜ்கூட டைப் பண்ணி வெச்சுட்டேன். இன்னைக்கும் போச்சுன்னா அனுப்பிடலாம்னு.

மூணு மணிக்கு பாப்பாவைக் கூப்பிட ஸ்கூலுக்குக் கிளம்பி தெருமுனை தாண்டல, தூறல். குடை எடுக்கத் திரும்பி வந்தேன்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சு வந்த எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கார். தினமும் நான் வெளிய போனதும் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பாப்பார், அது தெரியும்.

தெரியாதது, அதுக்கு முன்னாடி அவர் செய்யற வேலை. என் கண்ணு முன்னாலயே அந்தக் கறுப்பு விண்டோவை, அதாவது என் சர்வரையே, நிதானமா மூடினார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல கவிதா. இது ஆளில்லாம ஓடிக்கினு இருந்துச்சு. நிறுத்திட்டேன்."

"தினமும் நிறுத்துனீங்களா?"

"பின்ன? நீ பாட்டுக்கு ஓடவுட்டுட்டு போயிட்ற. பெல்ட்டு காலியா ஓடுனா மோட்டாரு என்னாத்துக்கு ஆவும்?"

(அவர் இங்க நிலக்கரி மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பன்னெண்டு வருஷ சர்வீஸ்.)

"அது காலியா ஓடலங்க. பிரௌசர் கேட்டா பேஜை எடுத்துக் குடுக்கறதுக்காக நிக்குது."

"கேக்கறதுக்கு நீதான் வூட்லயே இல்லியே?"

லாஜிக் பக்கா. எனக்கு வந்த கோவத்துல குடையை எடுக்காமலே நனைஞ்சுக்கிட்டே போனேன். ஆனா பாதி வழியில சிரிச்சுட்டேன். தப்பு என் மூளையில இல்லை, அது போதும். மெசேஜை அழிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி, "இனிமே தொட மாட்டேன். ஆனா கை பழகிப்போச்சு, எதுக்கும் சொல்லி வெக்கறேன்"னார், நேர்மையா.

வியாழக்கிழமை, நாலாவது தடவை (கடைசி ஸ்டெப் மட்டும் போதும்னு அப்பவும் தெரியாதே). மதியமே எல்லாத்தையும் ஓடவிட்டாச்சு. நான் குளிச்சு ரெடியாகற நேரத்துலதான் அவர் ஷிப்ட் முடிஞ்சு வருவார். அந்த அரை மணி நேரம்தான் எனக்கு பயம்.

அப்பத்தான் அவர் அடிக்கடி சொல்ற ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. மைன்ஸ்ல பெல்ட்ல யாராவது ரிப்பேர் வேலை பாத்தா, வேற யாரும் தொட்டுடக் கூடாதுன்னு சுவிட்ச்ல பேர் எழுதி ஒரு டேக் மாட்டுவாங்களாம். மாட்டினவங்கதான் எடுக்கணும். எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் தொடக் கூடாது.

பாப்பாவோட பழைய நோட்டு அட்டையைக் கிழிச்சேன். சிவப்பு ஸ்கெட்ச்ல, 'வேலை நடக்கிறது. தொடாதே. கவிதா.' அவளோட ரிப்பன்லயே மானிட்டர்ல கட்டித் தொங்கவிட்டேன்.

வந்தார். படிச்சார். சிரிக்கல.

"தேதி, டைம் போடலியே?"

போட்டேன்.

"கையெழுத்து?"

அதையும் போட்டேன். பாப்பாவைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிட்டார்.

நாலு மணிக்கு கால். பேஜ் ஓடிச்சு. கடைசியா அந்த மேடம், "புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா, ஒண்ணுமே இல்லாத கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் எப்படி செட் பண்ணணும்னு சொல்லித் தருவீங்களா?"ன்னு கேட்டாங்க.

பதினாலு ஸ்டெப்பையும் நோட்டைப் பாக்காம சொன்னேன். நாலு தடவை போட்டவளாச்சே.

திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க! ("அப்ப நான் நிறுத்துனதாலதான் கெடச்சுது"ன்னு ஒருத்தர் க்வார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க சொல்லிக்கினு திரியறார்.)

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஹால்ல உக்காந்து போன்ல கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஹைலைட்ஸ் பாத்துட்டு இருந்தார்.

"கம்ப்யூட்டர்ல பெருசா பாக்க வேண்டியதுதானே?"

"நீ இன்னும் டேக்கு எடுக்கலியே."

"வியாழக்கிழமையே வேலை முடிஞ்சுதுங்க. நீங்களே எடுத்திருக்கலாம்ல?"

"அதெப்படி? உன் பேரு போட்டிருக்கு. நான் எப்படி எடுக்க முடியும்?"

இந்த க்வார்ட்டர்ஸ்ல வாசல் போர்டு, கேஸ் புக்குன்னு எல்லாத்துலயும் அவர் பேர்தான். என் பேர் எழுதின ஒரு நோட்டு அட்டைக்கு மூணு நாளா மரியாதை குடுத்துட்டு இருந்திருக்கார் மனுஷன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

டேக்கை நான் இன்னும் எடுக்கல. அடுத்ததை டிவி ரிமோட்ல மாட்டலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?