மடித்துத் தைத்த கவுன்

"மேலேருந்து போடாத. கீழேருந்து போட்டுக்கிட்டே வா. அப்பதான் ஏத்த இறக்கமா வராது" என்று பொத்தான் பலகை முன்னால் மகளை உட்காரவைக்கிறார் டெய்லரம்மா. சனிக்கிழமை காலை. குழந்தைகள் எதையும் தொட்டு விளையாடலாம் என்று கட்டப்பட்ட அருங்காட்சியகம் அது. மற்ற வாண்டுகளெல்லாம் தண்ணீர்த் தொட்டியிலும் மணலிலும் கூத்தடிக்கும். இவருடைய ஆறு வயதுக்காரியும் மூன்று வயதுக்காரியும் மட்டும் நேரே 'குட்டி வீடு' பகுதிக்குத்தான் போக வேண்டும். பொத்தான், ஜிப், செருப்பு வார், தாழ்ப்பாள், குழாய். ஒவ்வொன்றையும் பெரியவள் பத்துத் தடவை செய்ய வேண்டும். பிறகு தங்கைக்குச் செய்துவிட வேண்டும்.

ஆள் குச்சி. தலையை இறுக்கி மூடிய துணித் தொப்பி. சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று. பலகையில் பொத்தான் ஆடினால் அங்கேயே உட்கார்ந்து தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். "அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்கம்மா" என்பார் காவலாளி. "அவங்க பாக்கறதுக்குள்ள ஏதாவது பிள்ளை முழுங்கிடும்" என்பது பதில்.

எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இதென்ன பட்டாளமா? மணலில் புரளும் என் மகளை அந்தச் சின்னது ஏக்கமாகப் பார்ப்பதை என்னால் பொறுக்க முடியாது. போன வாரம் வாயை விட்டேன்.

"பாவம்ங்க, கொஞ்ச நேரம் மணல்ல விடுங்களேன்."

"விடலாம். நாள் கெடந்தா விடலாம்" என்றார், ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை. சின்னவளின் கவுன் விளிம்பு தடிமனாக இருந்ததைப் பார்த்து, "இவ்வளவு துணிய எதுக்கு உள்ள மடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மூணு மடிப்பு. வருஷத்துக்கு ஒண்ணு பிரிச்சுவிட்டா ஆறு வயசு வரைக்கும் ஓடும். பிரிக்கறதுக்குப் பெரியவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். என் தங்கச்சிக்கு ஊசி பிடிக்கவே வராது. இனிமே இதுங்க அவகூடத்தான். அவளும் ஷிப்ட் வேலைக்குப் போறவ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "டாக்டர் ஆறு மாசம்னார். அதுல நாலு போயிடுச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. பிள்ளைகளின் அப்பா எங்கே என்று நான் கேட்கவில்லை. "அந்த ஆளு இருக்கற எடமே தெரியாது" என்று அவரே சொன்னார்.

அன்றைக்குக் கடைசிப் பாடம் டெலிபோன். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் பெரியவள் சித்தியின் எண்ணை எதையும் பார்க்காமல் அழுத்தினாள். இந்தப் பக்கம் மணி அடித்தது. டெய்லரம்மா எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அம்மா!"

"அம்மா இல்ல. சித்தி பேசறேன். என்ன வேணும், சொல்லு."

"பாப்பாவுக்குக் காய்ச்சல், சித்தி."

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். சுடுது."

"என் கெட்டிக்காரி. இதோ வரேன்."

குரல் இம்மியும் பிசகவில்லை. கல்நெஞ்சம் என்று இத்தனை நாளும் நான் நினைத்திருந்த குரல் அதுதான்.

அதற்குள் அந்தப் பக்கம் சின்னவள் அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா? அம்மா... அம்மா?"

டெய்லரம்மா வாயைத் திறந்தார். போனை வைக்கவில்லை. பேசுகிற முனையை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார். கேட்கிற முனையை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டார்.