ஃபேன் படம் போட்ட ஈயக் குடுவை

காயலான் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வருகிற இரும்பு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை, போகிற இரும்பு எங்கே போகிறது என்று நமக்கும் யாரும் சொல்வதில்லை.

குடுவை

சேக்காட்டில் எங்கள் கடைக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் சோற்றுப்பானை அளவில் ஒரு ஈயக் குடுவை கொண்டுவந்தார். தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. மேலே மஞ்சள் பெயின்டில் மூன்று இறக்கை. "இது என்னங்க?" என்றேன். "ஃபேன் படம் போட்டுக்கீது பாருக்கா. ஃபேன் கம்பெனி சாமான்தான்!"

தராசு

ஈயத்துக்கு நல்ல விலை. என் வீட்டுக்காரர் குடுவையை உடைத்தார். உள்ளே விரல் அளவில் பளபளவென்று இரண்டு துண்டு. ஒன்றை இரும்புக் குவியலில் போட்டார். அது கம்பி செய்யும் பட்டறைக்கு லாரியில் போய்விட்டது. எங்கள் தராசில் ஒரு தட்டு தாழ்ந்தே நிற்கும், தினம் சண்டை. சரிக்கட்ட இன்னொரு துண்டை மற்றத் தட்டின் சங்கிலியில் கட்டினார். பழைய பேப்பர் எடைக்குப் போட வரும் குவார்ட்டர்ஸ் திருநெல்வேலி அம்மாவுக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது. "இப்பந்தான் ஒங்க தராசு நேரா நிக்கி."

விரல்

பத்து நாளில் என் வீட்டுக்காரருடைய வலது கை விரல்கள் கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் கொப்பளித்துத் தோல் உரிந்தன. கடைசியில் இரண்டு நுனி போயிற்று. எனக்குத் தூக்கம் போயிற்று. முதலில் பார்த்த டாக்டர் மட்டும் நிம்மதியாக இருந்தார். "பேட்டரி ஆசிட்தாம்மா, வேறொண்ணுமில்ல."

பெட்டி

தொலைந்த குடுவையைத் தேடி ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். கையில் கதிர்வீச்சு இருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு பெட்டி. தராசருகே போனதும் கத்தத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. நீளமான இடுக்கியால் துண்டை எடுத்தார்கள். தராசு, கல்மேடை, அதன் கீழே இடுப்பளவு மண், எல்லாம் பீப்பாயில் ஏறின. எதிர் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வந்து நின்றார். "இன்னாக்கா, ஊட்டு மண்ணைக்கூட எடைக்குப் போட்டுட்டியா?"

இன்னொன்று

லாரியில் போன துண்டு என்னவாயிற்று என்று அவர்களிடம் கேட்டேன். பட்டறைக்குப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் உருக்கிக் கம்பியாக்கி விற்றாயிற்றாம், எங்கே போயிற்றென்று தெரியாதாம். என் மகள் பருத்திப்பட்டில் வீடு கட்டியதும் அந்த மாதம்தான். ஜன்னல் கம்பி எங்கே வாங்கினாய் என்று போகும்போதெல்லாம் கேட்பேன். போன வாரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ என்னப் பாக்க வரியா, ஜன்னலப் பாக்க வரியாம்மா?"

இருபது வருடம் கண்ட இரும்பையும் கையால் அள்ளியவள், இப்போது மகள் வீட்டுக்குப் போனால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.