உதட்டை அசைத்த அம்மாள்

சேத்தூரில் எங்கள் வீட்டில் டிவி சீரியல் எடுக்க வந்த கூட்டத்தில், வசனம் எழுதும் அந்த அம்மாளை எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அழும் மருமகளாக நடித்தவராம். இப்போது நரைத்த கிராப்பும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்தார். யார் எது பேசினாலும் அவருடைய உதடுகள் ஓசையில்லாமல் அதைத் திருப்பிச் சொல்லும்.

அன்று அடுப்படியில் எனக்கும் மாமியாருக்கும் வாய்த்தகராறு. "நீங்க கண்ண மூடுனாத்தான் நான் மூச்சு விட முடியும்" என்றேன். வாசற்படியில் நின்றிருந்த அந்த அம்மாளின் உதடுகள் அசைந்தன.

"என்ன, எங்க வீட்டுச் சண்டைய மனப்பாடம் பண்ணுதீயளோ?"

அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "நடிச்ச காலத்துல, வாயில நுழையாத வசனமாப் பேசிச் சலிச்சுட்டேன். இப்ப நான் பேசிப் பார்க்காம எதையும் எழுதுறதில்ல."

"எம் பேச்ச எழுதுனா நடக்கிறதே வேற" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சீரியல் வந்தது. அதில் வில்லியாக வரும் மருமகள், தன் மாமியாரிடம், அன்று அடுப்படியில் நான் சொன்னதையே பேசினாள். ஒரு சொல்கூட மாறவில்லை. நடுவில் நான் பல்லைக் கடித்து நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை. ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.