அக்கா லைப்ரரிக்கு வந்த ஞாயித்துக்கிழமை

எங்க அக்கா பாண்டிலட்சுமி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை வெம்பக்கோட்டைச் சுத்துவட்டாரத்துலயே பாக்க முடியாது. கம்பெனியில பட்டாசு மருந்து அடைக்கிற வேலை. கல்யாணத்துக்கு முந்தியே போக ஆரம்பிச்சவ. அண்டாவா இருந்தாலும் சரி, அரிசி மூட்டையா இருந்தாலும் சரி, தரையில வச்சு இழுக்கவே மாட்டா, மூச்சுப் பிடிச்சுத் தூக்கித்தான் வைப்பா. உரசினாப் பொறி கிளம்பும்னு கம்பெனியில சொல்லிச் சொல்லி ஊறிப்போன பழக்கம். "ஏக்கா, இது வீடுக்கா, கம்பெனி இல்ல"ன்னு நான் கத்துவேன். "உனக்கென்னடி, நீ படிக்கிறவ"ன்னு மொகத்தைத் திருப்பிக்கிடுவா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும்.

நான் இசைவாணி. நர்சிங் முடிச்சுட்டு, யுனிவர்சிட்டியில பொது சுகாதாரம் மேல்படிப்பு படிக்கிறேன். ஹாஸ்டல்ல இருக்கேன். அங்க லைப்ரரியில சயின்ஸ், ஹெல்த் பிள்ளைகளுக்குன்னு வாராவாரம் ஒரு கிளாஸ் நடந்துச்சு. ஆராய்ச்சிக் கட்டுரையை எப்படித் தேடுறது, எதை நம்பலாம், எதைத் தூக்கிப் போடணும்னு சொல்லித் தருவாக. நடத்துனது லைப்ரேரியன் லட்சுமிகாந்தம் சார்.

முதல் நாளே ஆளுக்கு ஒரு கேள்வி எடுக்கச் சொன்னார். என் கேள்வி கதிரவன்தான். அக்கா பிள்ளை, இன்னும் ஒரு வயசு ஆகல. இருட்டினா இளைப்பு, நெஞ்சுல கர்கர்னு சத்தம். டாக்டர் கொடுத்த சிரப்புல கொஞ்சம் அடங்கும், திரும்ப வந்துரும். இருக்கன்குடி கோயிலுக்கு நேந்துக்கிட்டும் பாத்தாச்சு. பட்டாசு வேலைக்குப் போறவங்க பிள்ளைகளுக்கு ஏன் இளைப்பு வருதுன்னு எழுதிக் கொடுத்தேன்.

தேடுனா, அட கொடுமையே, தீபாவளிப் புகையைப் பத்தித்தான் குவியல் குவியலா வருது. வெடிக்கிறவன் மூக்கைப் பத்தி எம்புட்டோ எழுதியிருக்காக, செய்யிறவ வீட்டைப் பத்தி என் கையில ஒண்ணும் சிக்கல. வந்த எரிச்சல்ல கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். சார் வந்து பக்கத்துல உக்காந்தார். "பட்டாசை விடும்மா. தூசியைத் தேடு, உடுப்பைத் தேடு. வேற தொழில்ல யாராவது பாத்திருப்பாங்க"ன்னார். அப்பத்தான் கிடைச்சது. பேட்டரி வேலைக்குப் போறவங்க உடுப்புல ஈயத்தூசி ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைக ரத்தத்துல கலந்ததைச் சோதிச்ச கட்டுரைக.

கடைசிக் கிளாசுக்கு வீட்டு ஆளு ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்னார். நாம கண்டுபிடிச்சதை அவுகளுக்கு விளங்குற மாதிரி சொல்லணும். வேலைக்குப் போறவங்களும் வரட்டும்னு ஞாயித்துக்கிழமை வச்சிருந்தார். அக்காவைக் கெஞ்சி, மிரட்டி, சண்டை போட்டு வரவழைச்சேன். பிள்ளையை அக்கா வீட்டுக்காரர் முனியராஜ் மாமா பாத்துக்கிடுறேன்னு சொல்லிட்டாரு.

அக்கா வாசல்லயே ஆரம்பிச்சிட்டா. இரும்புக் கதவுல உள்ளங்கையை வச்சு எடுத்துட்டுத்தான் உள்ள காலெடுத்து வச்சா. கம்பெனியில ரூமுக்குள்ள போகும்போது, உடம்புல இருக்கிற கரண்டு இறங்கட்டும்னு செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போவாக, அந்தப் பழக்கம். "ஏன்டி எல்லாரும் குசுகுசுன்னு பேசுறாக? ஏதும் ஆயிப்போச்சா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஒரு பொண்ணு நாற்காலியைக் கரகரன்னு இழுத்துச்சு. "இழுக்காதீக! தூக்கி வைங்க!" அக்கா போட்ட சத்தத்துல லைப்ரரியே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு மானமே போச்சு.

என் முறை வந்துச்சு. அக்கா மொகத்தைப் பாத்தே பேசுனேன். வேலை பாக்குற உடுப்போட தூசி வீட்டுக்கு வருது, பிள்ளை தரையில தவழுது, துணியைச் சப்புது, அப்படியே உள்ள போயிருதுன்னு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ மொகம் வெளுத்துப்போச்சு. எந்திரிச்சுட்டா.

"சார், துவைச்சாப் போயிருமா?"

"கொஞ்சம் போகும்மா. எவ்வளவு போகும்னு இந்தக் கட்டுரையில இல்ல. உங்க கம்பெனித் தூசியை இதை எழுதுனவங்க சோதிக்கவும் இல்ல. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லக்கூடாது."

"துவைக்கலைன்னா?"

சார் என்னைப் பாத்தார். அதுக்குள்ள அக்கா என் கையைப் பிடிச்சு வெளிய கொண்டுவந்துட்டா.

"பழைய தொட்டில் சேலை நைஞ்சு கிழிஞ்சு போச்சுடி. நேத்து வேலைக்குக் கட்டிட்டுப் போன சேலையை அவுத்துத் தொட்டில் கட்டிட்டேன். குழாய்ல தண்ணி வரல. துவைக்கல. ரெண்டு உதறு உதறிட்டுக் கட்டிட்டேன்."

கம்பெனிக்கு நைலான் சேலை ஆகாது, உரசினாப் பொறி வரும், பருத்திதான் கட்டணும். அது கட்டக் கட்ட மெத்துன்னு ஆயிரும். தொட்டிலுக்கு அதைவிட நல்ல துணி எங்க ஊர்ல யார் வீட்லயும் கிடையாது. யாரும் இதைத் தப்புன்னு நினைச்சதில்ல, நானும்தான்.

"சரிக்கா, போயி அவுத்துருவோம். ஒரு நாள்ல ஒண்ணும் ஆகிறாது"ன்னேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி." என் கையை விடாம உலுக்குனா. "அவுக பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தி சாம்பிராணி போடுவாக."

சட்டியில கங்கு அள்ளி, தொட்டிலுக்கு நேர் கீழ வச்சுத்தான் சாம்பிராணி போடுவாக.

மாமாவுக்குப் போன் போட்டேன். ரிங் போகுது, எடுக்கல. பிள்ளை முழிச்சிரும்னு போனைச் சத்தமில்லாம வைக்கிற ஆளு. பக்கத்து வீட்டு அருணாதேவி மதினிக்குப் போட்டா, அவுக கோயில்ல இருந்தாக. ஓடிப்போயி பஸ் ஏறுனோம். அந்த டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நிறுத்தி நிறுத்தி ஆளை ஏத்துனான், அவனை அடிச்சுருவோமான்னு இருந்துச்சு. அக்கா ஒரே தடவைதான் வாயைத் தொறந்தா. "ஒரு சிட்டிகை மருந்து நெருப்புல பட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும்டி." நான் மாமாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். சாமி, சாமின்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்தேன். சிவகாசியில இறங்கி ஆட்டோ பிடிச்சோம்.

தெருவுக்குள்ள நுழையும்போதே சாம்பிராணி வாசம் அடிச்சுச்சு. அக்கா ஆட்டோ நிக்கிறதுக்கு முந்தியே குதிச்சு, அலறிக்கிட்டு ஓடுனா. உள்ள மாமா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, குனிஞ்சு, கங்குச் சட்டியைத் தொட்டிலுக்கு அடியில வைக்கப் போனாரு. பிள்ளைக்குத் தலை ஈரம்கூடக் காயல. அக்கா அந்தச் சட்டியைப் பிடுங்கி வாசல்ல கொண்டுபோயி வச்சா. கை சுட்டது அவளுக்குத் தெரியல.

"ஏத்தா, என்ன ஆச்சு உங்களுக்கு? பேய் கீய் பிடிச்சிருக்கா?"ன்னாரு மாமா.

தொட்டிலை அவுத்தேன். நாங்க பயந்தது நெசமா, வீணான்னு பாத்தே ஆகணும்னு ஒரு வெறி. முந்தானை ஓரத்துல ஒரு துண்டு கிழிச்சு, தள்ளி நின்னு கங்கு மேல எறிஞ்சேன். சர்ருனு வெள்ளைப் பொறி கிளம்பி மாமா இடுப்பு உயரத்துக்கு வந்துச்சு. இத்தனூண்டு துணிதான். மாமா பிள்ளையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாரு.

கதிரவன் அக்காவைப் பாத்துட்டான். காலையில போனவ, அவன் பால் குடிச்சு எம்புட்டு நேரமாச்சு. ரெண்டு கையையும் நீட்டி, இளைப்பு இளைப்பா இழுத்து அழுதான். "போக்கா, தூக்கு"ன்னேன். அக்கா ரெண்டு எட்டு வச்சா. குனிஞ்சு தான் கட்டியிருந்த சேலையைப் பாத்தா. அதுவும் வேலைச் சேலைதான். அவகிட்ட வேலைக்குக் கட்டாத சேலை ஏது?

"கிட்ட கொண்டு வராதீக"ன்னா மாமாகிட்ட. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, பிள்ளை அழ அழ, அவனைப் பாத்தபடியே பின்னால நடந்து வாசல் வேலி வரைக்கும் போயிட்டா.