சி.டி.யில் காணாமல் போன மணி

காரில் எம்பி3 செட் மாட்டிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சி.டி.யில் நூற்றைம்பது பாட்டு. விருதுநகரில் வண்டியை எடுத்தால் ஆமத்தூர் தாண்டி எங்கள் பட்டாசு யூனிட் வாசலில் நிறுத்துவதற்குள் ஆறேழு பாட்டுதான் ஓடும். கேட்ட பாட்டு பத்து நாளைக்குத் திரும்ப வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வண்டி பழசு, செட்டும் நாலு ஸ்பீக்கரும் புத்தம் புதுசு. "காருக்கு செட் வாங்குனியா, செட்டுக்குக் கார் வாங்குனியா?" என்று பஜாரில் கேலி பேசினார்கள். வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் தினமும் அண்ணன் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யூனிட்டில் சரக்குத் தயாராகும் பக்கம் அவர் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பதும் லேபிள் அடிப்பதும் என் பொறுப்பு. லேபிள் டிசைனுக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரில் சி.டி. ரைட்டரும் இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் லேபிளைவிடப் பாட்டைத்தான் நான் அதிகம் கவனித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அண்ணனின் காதுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. சாயங்காலம் வேலையாட்கள் வீட்டுக்குப் போனபின், ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அன்றைய சரக்கில் நாலைந்தை எடுத்து வெடித்துப் பார்ப்பது வழக்கம். நானும் கணக்குப்பிள்ளையும் வாட்ச்மேனும் வெடியைப் பார்ப்போம். அண்ணன் பார்க்கவே மாட்டார். திரியைப் பற்றவைத்துவிட்டு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பார். "மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு", "இது சுத்துனது இறுக்கம் பத்தல" என்பார். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். சாத்தூர்ப் பக்கத்து யூனிட்காரர்கள்கூடப் புதுச் சரக்கு போட்டால் அவரை வந்து கூப்பிட்டுப் போவார்கள். நான் எத்தனை வருஷம் நின்றும் எனக்கு எல்லாம் ஒரே 'டமார்'தான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காரில், எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பழைய பாட்டைக் கேட்டுவிட்டு, "ஏலே, இதுல மணிய எங்கன?" என்றார்.

அந்தப் பாட்டில் சரணம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன மணி மூன்று தடவை ஒலிக்கும். நுணுக்கமான சத்தம். என் சின்ன வயதில் ரேடியோவில் கேட்கும்போது நாங்கள் இருவரும் அதற்காகவே காத்திருப்போம். "இருக்குதேண்ணே" என்றேன். "எங்கன இருக்கு? வெறும் தபேலாதான் கேக்குது. நூத்தம்பது பாட்ட ஒரு தட்டுல அமுக்குனா இப்படித்தான்" என்றார்.

எனக்குக் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, ரோட்டு இரைச்சலோடேயே கேட்டது. ஆனால் என் காது எது, அண்ணன் காது எது? இல்லாத மணியைப் பழக்கத்தினால் நானே மனசுக்குள் அடித்துக்கொள்கிறேனோ என்று நினைத்தேன். சந்தேகம் அவர் மேல் வரவே இல்லை, என் மேல்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து எம்பி3 பற்றித் தேடிப் படித்துப் பார்த்தேன். பாட்டைச் சுருக்கும்போது, மனிதக் காது எப்படியும் கவனிக்காது என்று தோன்றும் சத்தங்களையெல்லாம் எடுத்துவிடுவார்களாம். அப்படித்தான் இத்தனை பாட்டு ஒரு சி.டி.யில் அடங்குகிறதாம். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காதுக்குத் தெரியாது என்று எங்கோ உட்கார்ந்து எவனோ முடிவு செய்திருக்கிறான், எங்கள் அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டாரே! மறுநாள் காரில் இதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "நான் சொல்லல?" என்றார்.

பிறகு எட்டு மாதம் அந்த மணியைத் தேடினேன். பாட்டுகளை அதிகம் சுருக்காமல் சி.டி.யில் எழுதினேன், ஒரு சி.டி.யில் நூற்றைம்பது இருந்தது ஐம்பதாகக் குறைந்தது. மணி இல்லை என்று அண்ணன் தலையை ஆட்டினார். கதவுகளில் சின்ன ஸ்பீக்கர் இரண்டு சேர்த்தேன். மதுரைக்குப் போய் ஒரிஜினல் சி.டி. வாங்கி வந்து அதிலிருந்து எழுதினேன். "இப்ப பரவால்ல. ஆனா மணி இல்ல" என்றார். ஒவ்வொரு தடவையும் எனக்கு மணி கணீரென்று கேட்டது. கடைசியில் எரிச்சலில், "எனக்கு இருக்கு, ஒங்களுக்கு இல்லன்னா நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொன்ன அந்த நிமிஷமாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஷம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று கிளம்பினேன். எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அதே பாட்டின் பழைய கேசட் கிடைத்தது. அதில் சுருக்கல் எதுவும் கிடையாது. அதை முதலில் போட்டுக்காட்டி மணியைக் காதில் ஏற்றிவிட்டு, பிறகு சி.டி.யைப் போட்டால் அவரே ஒப்புக்கொள்வார் என்பது என் திட்டம். அண்ணன் வீட்டு டேப் ரெக்கார்டரைத் துடைத்து, ஹெட்டைப் பஞ்சால் சுத்தம் செய்து, கேசட்டைப் போட்டேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி முறத்தில் பருப்பை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கு எதுவும் அவருக்குத் தெரியாது.

பல்லவி முடிந்தது. அந்த இடம் வந்தது. மணி மூன்று தடவை ஒலித்தது. அண்ணி தலையை நிமிர்த்தாமலே, "அந்த மணிச் சத்தம் எம்புட்டு நல்லாருக்கு பாருங்க" என்றார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவரே கையை நீட்டி ரீவைண்ட் செய்து மறுபடியும் போட்டார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி அடுத்த காதை வைத்தார்.

"இதுலயும் கேக்கலலே" என்றார்.

காது போனால் ஒரேயடியாக அமைதியாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பெரிய சத்தமெல்லாம் அப்படியே இருக்கும். பேச்சு கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், வெடி நன்றாகவே கேட்கும். நுணுக்கமானவைதான் ஒவ்வொன்றாகப் போகும். போவது தெரியவும் தெரியாது. முப்பது வருஷம் சாயங்காலந்தோறும் பொட்டலில் நின்று கேட்ட அந்த வெடிகள்தான் அவர் காதைத் தின்றிருக்க வேண்டும். கடைசி வரைக்கும் அவர் சரக்கைச் சரியாகத்தான் சொன்னார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அண்ணன் டேப்பை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை நீ மதுரை போயிருந்தேல்ல, அன்னைக்கு ஒண்ணு வெடிக்கல" என்றார்.

திரி வைத்தது வெடிக்காவிட்டால் எங்கள் பக்கம் யாரும் சட்டென்று கிட்டே போவதில்லை. நின்ற இடத்திலிருந்தே காது கொடுத்துக் கேட்பார்கள். திரி உள்ளே சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சீறல் அடங்கி, அதற்கும் அப்புறம் வெகுநேரம் பொறுத்து, வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தொடுவார்கள்.

"வாளி தள்ளி இருந்துச்சு. சத்தம் ஒண்ணும் இல்ல, அணஞ்சிருச்சுன்னு நினச்சேன். குனிஞ்சு எடுத்துட்டேன். பின்னால நின்ன ரெண்டு பேரும் 'சீறுது, போடுங்க, போடுங்க'ன்னு கத்துனாக. என்னடா இது கூத்துன்னு அவுகள வஞ்சுக்கிட்டே தூக்கி எறிஞ்சேன். தரையில விழல. அந்தரத்துலயே வெடிச்சிருச்சு."

ஏதோ சரக்கில் கோளாறு சொல்வதுபோல் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் மேல் இல்லை. எட்டு மாதமாக, கோளாறு காதில் இல்லை, சி.டி.யில்தான் என்று அவருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவர் காதைப் பற்றிய பெருமையை அவரைவிட அதிகமாகச் சுமந்து திரிந்தவனும் நான்தான். அதை அப்படியே சொல்லிவிட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"நாளையிலருந்து நீங்க பொட்டலுக்குப் போகக் கூடாது. திரி நான் வைக்கேன்" என்றேன். அண்ணனை இப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. "சரிப்பா" என்றார். அவர் என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தார். என் முன்னால் அண்ணன் பக்கத்தில்கூட உட்காராதவர். நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். ஐந்தும் இருந்தன. சுண்டுவிரல் வரைக்கும் போனவர், மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.