கோக்கி பங்களாவில் இருந்த நாட்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேய் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட மேலே கையைக் காட்டும். பசறையிலிருந்து வரும் பஸ் கடைசி வளைவில் திரும்பும்போது, பாறைக்கு மேல் தகரக் கூரையோடு தெரிவது, தோட்டத்து உதவி மானேஜர் முன்பு இருந்த பழைய சின்னத்துரை பங்களா. துரைக்குச் சமைத்த கோக்கி ஒருவன் அங்கே தூக்குப் போட்டுக்கொண்டானாம். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் இன்னும் கோப்பை அடுக்குகிறானாம். நான் கலியாணம் முடித்து வந்த வாரமே இது என் காதுக்கு வந்துவிட்டது. அது கோக்கி இல்லை, பிள்ளை பார்த்த ஆயா என்று சொன்னவர்களும் உண்டு.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கொழுந்து பறிக்கிறவர். இந்தக் கதை அவருக்கு எரிச்சலைத்தான் தரும்.

"ஒரு தடவ கோக்கிங்கிறீங்க, ஒரு தடவ ஆயாங்கிறீங்க. செத்தது யாருன்னு மொதல்ல பேசி முடிவு பண்ணுங்க. அத்தன ரூமையும் ஒரு பேய்க்கு விட்டுட்டு, நாம குடும்பம் குடும்பமா ஒத்தக் காம்பராவுல கெடக்கோம்."

என் மகன் பிறந்த வருஷம் மழை விடவே இல்லை. நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் நுழையும் அளவு. பிறகு கால் நுழைந்தது. பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். உடனே எல்லாரும் வெளியேற வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள். நிர்வாகம் பங்களாவின் சாவியைக் கொடுத்தது.

அங்கே ஏற யாரும் முன்வரவில்லை. கோயிலில் மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டோம். கோயில் கூரை ஒழுகியது. பிள்ளையின் துணி முழுக்க ஈரம். அண்ணி என்னைப் பார்த்தார்.

"இங்கயே இருந்தா ஒம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும். எந்திரி, போவோம்."

"அண்ணி, அந்த வீடு..."

"வீடுதானே? வா."

அவர் தலையில் மூட்டையோடு முன்னால் ஏறினார். நான் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு பின்னால் போனேன். அடுத்தநாள் பகலுக்குள் லயத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அங்கே எங்களுக்குப் பேயைவிட இடம்தான் புதிதாக இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டிப் படுக்கலாம். குளிக்கும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள்; அதில் விறகு போட்டு வைத்தோம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பின்னேரம், அடுப்படியில் கோப்பைகள் கலகலவென்று சத்தம் போட்டன. அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் இல்லை. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். அண்ணி மட்டும் உள்ளே போனார். சுவரோடு பதித்த அலுமாரியில் பழைய பீங்கான் சாமான்கள் இருந்தன. கதவின் கண்ணாடி சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் கொழுந்து லொறி ஏறிப் போனது. அண்ணி பேப்பரை மடித்துக் கண்ணாடி இடுக்கில் செருகினார்.

"லொறி போனா ஆடுது. இவ்வளவுதான் ஒங்க கோக்கி."

அதற்குப் பிறகு சத்தம் நின்றது. கதை நிற்கவில்லை. கோக்கி அண்ணிக்குப் பயந்து வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. லயத்துக்கே திரும்பலாம் என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். கோழிகளும் சாமான்களும் அங்கேதான் இருந்தன. அன்று பின்னேரம் நானும் அண்ணியும் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. பேப்பர் செருகியபடியே இருந்தது. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தேன். ஒரு வாகனமும் இல்லை.

அண்ணியின் கையில் இருந்த கேத்தல் அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு அண்ணி."

"யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா இப்பவே எல்லாரும் லயத்துக்கு எறங்கிருவாங்க. சூடா இருக்கு, பார்த்து எடுத்துட்டுப் போ."

நான் தேத்தண்ணியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணி பின்னாலேயே வந்து, இறங்குவதைப் பற்றிப் பேசியவர்களைச் சத்தம் போட்டார். "இங்க என்ன கொறச்சல் ஒங்களுக்கு? அதிகாரிங்க வந்து சொல்லட்டும், அப்புறம் போவோம்." வெயிலை நம்பி இறங்கத் துணிந்தவர்களும் அவர் வாய்க்குப் பயந்து நின்றார்கள்.

மறுநாள் பகலில் மேடு சரிந்தது. வராந்தாவில் நின்று பார்த்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. லயத்தின் பாதிக் கூரை மண்ணுக்குள் போனது. எங்கள் காம்பராவும் போனது. உள்ளே ஒருவரும் இல்லை.

முந்தின நாளே மண் அசையத் தொடங்கியிருக்கும், அதனால்தான் கோப்பைகள் ஆடியிருக்கும் என்பது என் கணவரின் விளக்கம். இருக்கலாம். பாறைக்கு மேல் இருக்கும் வீட்டில் அது எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அண்ணி எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனார்.

இப்போது ரோட்டுக்குக் கீழே தனித்தனி வீடுகளில் இருக்கிறோம். போன மாதம் அண்ணியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கோப்பை ஆடிய அன்றைக்கு உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? ராவெல்லாம் செபம் சொல்லிக்கிட்டே கெடந்தேன்," என்றார். பிறகு, தண்டு முற்றியிருக்கிறது, சின்னதாக நறுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.